36 நாளில் இரண்டு முறை திருடு போன வீடு

முதல் முறை என் வீட்டில் திருடு போனபோது பக்கத்து வீட்டில்கூட நான் வாய் திறக்கவில்லை. சரியாக 36 நாள் கழித்து, அதே பின்கதவு வழியாக இரண்டாவது முறையும் புகுந்தார்கள். நடுவில் நான் செய்த தவறுகளையும், அதற்குப் பிறகு எங்கள் தெருக்காரர்களும் காவல் நிலையமும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் நிலைக்கு வர நாங்கள் பட்ட பாட்டையும் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் திருட்டு நடந்த அன்று மாலையே யாராவது என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் இரண்டாவது நடந்திருக்காது என்று இன்றும் நம்புகிறேன்.

அன்று ஒரு வேலை நாள். நான் அலுவலகத்தில், ஒன்பது வயது மகள் பள்ளியில். மாலை ஆறு மணிக்குத் திரும்பியபோது பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பி எடுத்திருந்தார்கள். அலமாரித் துணியெல்லாம் தரையில் கிடந்தது. மடிக்கணினி, அவசரத்துக்கென்று வைத்திருந்த பணம், என் அம்மா விட்டுப்போன இரண்டு மோதிரங்கள் போயிருந்தன. கணக்குப் போட்டால் இரண்டு மாதச் சம்பளம் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் பணம் நினைவுக்கு வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் என் மகளின் அலமாரியைக் கைவிட்டுத் துழாவியிருக்கிறான் என்பதுதான் உடம்பெல்லாம் கூச வைத்தது. மகள் பார்க்கக்கூடாது என்று அவசர அவசரமாக எல்லாவற்றையும் மடித்து அடுக்கி, தரையைத் துடைத்துவிட்டேன். அப்புறம்தான் புகார் கொடுக்கப் போனேன். வந்து பார்த்த காவலர் துடைத்த தரையையும் அடுக்கிய அலமாரியையும் பார்த்துவிட்டு, கைரேகை எடுக்க இனி ஒன்றுமில்லை என்றார். உங்களுக்கு இப்படி நடந்தால் எதையும் தொடாதீர்கள். உள்ளே யாராவது இன்னும் இருக்கலாம், அதனால் வெளியில் நின்றே காவல்துறையை அழையுங்கள். அவர்கள் வந்து பார்த்த பிறகு ஒவ்வோர் அறையையும் படமெடுத்து, புகார் எண்ணையும் பேசிய அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். காப்பீடு இருந்தால் அன்றே தெரிவியுங்கள். மடிக்கணினியின் வரிசை எண் என்னிடம் இல்லை, பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தேன். அந்த எண் இல்லாமல் எங்காவது அந்தப் பொருள் கிடைத்தாலும் என்னுடையது என்று காட்ட வழியில்லை.

மறுநாள் காலை எதிர்வீட்டுப் பெரியவர், “என்னம்மா, நேத்து போலீஸ் வந்த மாதிரி இருந்துச்சே?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லைங்க, வேற ஒரு விசாரணை” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தனியாகக் குழந்தையோடு இருப்பவள், வீட்டைக்கூடச் சரியாகப் பூட்டத் தெரியவில்லை என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவர்களில் யாராவது இருக்குமோ என்ற சந்தேகம். நான் எத்தனை மணிக்குப் போகிறேன், எப்போது வருகிறேன் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தானே என்று தோன்றியது. திருட்டு பொருளை மட்டும் கொண்டுபோவதில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் மேலிருந்த நம்பிக்கையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறது.

பாதுகாப்புக்கென்று நான் செய்தது ஒரு கேமரா வாங்கியதுதான். அரை மாதச் சம்பளம் அதற்குப் போனது, அதையும் வாசலில் மாட்டினேன். பின்கதவில் தச்சர் அதே தாழ்ப்பாளை அதே ஓட்டையில் அதே குட்டைத் திருகாணியால் பூட்டிவிட்டுப் போனார். திருடன் இரண்டாவது முறையும் பின்பக்கமாகவே வந்தான். கேமராவில் அன்று பதிவானது தெருவில் போன ஒரு நாய் மட்டும். கேமராவே வீண் என்று நான் சொல்லவில்லை. பல ஊர் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், வாகன நிறுத்துமிடங்களில்தான் அது மிக நன்றாக வேலை செய்வதாகச் சொல்கிறார்கள். வீட்டைப் பொறுத்தவரை, ஆள் நுழைந்த இடத்தை முதலில் பலப்படுத்த வேண்டும். கதவுச் சட்டத்தின் உள்ளே வரை இறங்கும் நீளமான திருகாணி, கனமான தாழ்ப்பாள்தகடு, இந்த இரண்டுக்கும் கேமரா விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இரண்டாவது முறை, தவணையில் வாங்கிய புது மடிக்கணினியும் மகளின் டேப்லெட்டும் போனதோடு, சான்றிதழ்கள் வைத்திருந்த கைப்பையும் போனது. அந்தச் சான்றிதழ்களின் நகல்களை வாங்கி முடிக்க ஏழு மாதம், பதினொரு நாள் விடுப்பு. காப்பீட்டு நிறுவனம் முதல் இழப்பில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தது. இரண்டாவதுக்கு, உடைந்த பூட்டைச் சரியாக மாற்றவில்லை என்று சொல்லிக் கையை விரித்தது. எல்லாம் சேர்த்து ஐந்து மாதச் சம்பளம். மகள் அதற்குப் பிறகு ஒரு வருடம் என் அறையில்தான் தூங்கினாள்.

ஒரு முறை திருடு போன வீட்டுக்கு மறுபடி திருடன் வர மாட்டான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறு. புகுந்து பழகிய வீட்டின் வழி அவனுக்குத் தெரியும், போன பொருளுக்குப் பதிலாகப் புதிது வாங்கியிருப்பார்கள் என்பதும் தெரியும். முதல் திருட்டுக்கு அடுத்து வரும் சில வாரங்களில்தான் அதே வீட்டுக்கு ஆபத்து மிக அதிகம், அக்கம்பக்கத்து வீடுகளுக்கும்கூட. குற்றவியல் படித்தவர்களுக்கு இது பல வருடங்களாகத் தெரிந்த விஷயம். 1980களின் நடுவில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் என்ற, இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகள் கொண்ட குடியிருப்பில் இதை வைத்தே ஒரு வேலை செய்தார்கள். திருடு போன வீட்டுக்கு உடனே பூட்டைப் பலப்படுத்தினார்கள், திருடர்கள் உள்ளே சேரும் காசுக்காகக் குறிவைத்த, காசு போட்டு ஓட்டும் மின், எரிவாயு மீட்டர்களை எடுத்தார்கள். அந்த வீட்டைச் சுற்றியிருந்த ஆறேழு வீட்டாரை அழைத்து, கொஞ்ச நாளைக்கு இந்த வீட்டின் மேல் ஒரு கண் வைத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். திருட்டு அங்கே பெருமளவு குறைந்தது. இதைப் படித்த அன்று நான் அழுதேன். என்னைச் சுற்றியும் ஆறு வீடுகள் இருந்தன. அவர்களிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாவது திருட்டு நடந்த அன்று இரவு, வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்க வீட்லயும் போச்சும்மா. ரெண்டு மாசம் முன்னாடி” என்றார். அவரும் யாரிடமும் சொல்லவில்லை, மகனிடம்கூட. சொன்னால் இந்த வயதில் தனியாக இருக்க வேண்டாம் என்று கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம் அவருக்கு. அடுத்த இரண்டு நாளில் நாங்கள் இருவரும் வரிசையாகக் கதவு தட்டினோம். ஒரு வருடத்தில் ஐந்து முறை, நான்கு வீடுகளில் திருடு போயிருந்தது. நான்கு வீடுகளும் பின்னாலிருக்கும் சந்தோடு ஒட்டியவை. எல்லாம் வேலை நாளில், பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், பின்கதவு வழியாக. அத்தனை பேரும் தனக்கு மட்டும்தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்களில் முதலில் பறிகொடுத்தவர் வாய் திறந்திருந்தால் மற்ற மூன்று வீட்டாரும் பின்கதவை ஒரு முறையாவது திரும்பிப் பார்த்திருப்போம்.

அடுத்து நாங்கள் செய்ததும் தவறுதான். முப்பது கையெழுத்து வாங்கி, “ரோந்தை அதிகப்படுத்துங்கள்” என்று ஒரு மனு எழுதிக் கோபமாகக் காவல் நிலையத்துக்குப் போனோம். அதிகாரி மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார், ஒன்றும் நடக்கவில்லை. ரோந்து வண்டி பொதுவாகச் சுற்றி வந்தால் திருட்டு குறைந்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை. 1972-73இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 15 பகுதிகளை மூன்று தொகுதியாகப் பிரித்து, ஒரு தொகுதிக்கு ரோந்தே இல்லை, அழைத்தால் மட்டும் வருவார்கள். ஒன்றில் வழக்கமான அளவு. மற்றொன்றில் இரண்டு மூன்று மடங்கு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குற்றத்திலோ மக்களின் பயத்திலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எங்கே, எப்போது நடக்கிறது என்று தெரிந்து அந்த இடத்துக்குப் போனால் நிலைமை வேறு. குற்றம் அடிக்கடி நடக்கும் இடத்தில் போலீஸ் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனாலே, அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அதன் தாக்கம் இருப்பதாக அதற்குப் பின் வந்த ஆய்வுகள் காட்டின.

இரண்டாவது முறை மனுவுக்குப் பதிலாக ஒரே ஒரு தாள் கொண்டுபோனோம். ஐந்து திருட்டு, தேதி, கிழமை, நேரம், நுழைந்த வழி, போன பொருள், ஒரு கையால் வரைந்த வரைபடம். அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அப்போதுதான் தெரிந்தது, நான்கு வீட்டில் என்னையும் இன்னொருவரையும் தவிர யாரும் புகாரே கொடுக்கவில்லை. அவர்கள் பதிவேட்டில் எங்கள் தெரு கிட்டத்தட்ட அமைதியான தெரு. போலீஸ் எதுவும் செய்யவில்லை என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்தோம், அவர்களிடம் கேட்டால் உங்கள் தெருவில் பெரிதாக எதுவும் நடக்கவில்லையே என்பார்கள். போனது திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தாலும் புகார் கொடுங்கள். எங்கே ஆளனுப்புவது என்பது அந்தப் பதிவை வைத்துத்தான் முடிவாகிறது. உங்கள் பகுதிக்கென்று பொறுப்பான காவலர் யார் என்று கேட்டு, அவரிடமே தொடர்ந்து பேசுங்கள். அவர் மாற்றலாகிப் போகும்போது, அடுத்து வருபவரிடம் உங்களை அறிமுகப்படுத்திவிட்டுப் போகச் சொல்லுங்கள். எங்கள் காவலர் மாற்றலானபோது நாங்கள் அதைச் செய்யவில்லை. நான்கு மாத உழைப்பு அப்படியே நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள், ஒன்பது பேரும் சொந்த வீட்டுக்காரர்கள், பகலில் யாருமே வீட்டில் இருப்பதில்லை. பகல் திருட்டைத் தடுக்கக் கூடிய கூட்டத்தில் பகலில் தெருவில் இருக்கும் ஒருவர்கூட இல்லை. அறிவிப்பை ஒட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் ஆகும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும், வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் அது தங்களுக்கான அழைப்பு என்றே தோன்றவில்லை. அப்புறம் ஒவ்வொரு கதவாகப் போய் நேரில் கேட்டோம். மாடியில் குடியிருந்த ஒரு செவிலியர், இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர், அவர் ஜன்னலிலிருந்து பின்சந்து முழுக்கத் தெரியும். ஒரு நாள் மதியம் சந்தில் ஒருவன் சுவரேறியதைப் பார்த்திருக்கிறார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார். இரண்டு வருடமாக அதே தெருவில் இருந்தும் அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. எங்களுக்குக் கிடைத்த உதவிகளில் பெரியது அவர்தான்.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கூட்டத்துக்குப் பிறகு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். இரண்டே வாரத்தில் அது “யார் இந்த ஆள்?” என்று தெரியாதவர்களின் படங்களைப் போடும் இடமாகிவிட்டது. ஒரு நாள், கையில் பையோடு வீட்டு எண்களைப் பார்த்தபடி நடந்த ஓர் இளைஞனின் படம் வந்தது. அதை நானும் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பேர் அவனைச் சூழ்ந்து, சட்டையைப் பிடித்து, பையைக் கொட்டிப் பார்த்தார்கள். அவன் பார்சல் கொண்டுவந்தவன். பிறகு நான் அவனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க யாருமே எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே அக்கா, நேரா படம்தானே எடுத்தீங்க” என்றான். அந்த வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. 2012இல் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டு நகரில், கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 17 வயதுச் சிறுவனை, சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்த ஒரு குடியிருப்புக் கண்காணிப்புத் தன்னார்வலர் சுட்டுக் கொன்றார். அந்தச் சிறுவன் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. திருட்டைத் தடுக்கக் கூடுகிறவர்கள் திருட்டைவிடப் பெரிய கொடுமையைச் செய்துவிட முடியும்.

அன்றே குழுவை நிறுத்தினோம். காவலரையும் உட்கார வைத்துப் பேசி, சில விதிகளோடு மறுபடி தொடங்கினோம். ஆளின் தோற்றத்தை எழுதக்கூடாது, என்ன செய்தார் என்பதை மட்டும் எழுத வேண்டும். “தெரியாத ஆள் நிற்கிறார்” என்பது செய்தியே அல்ல, “மூன்று வீட்டுப் பின்கதவை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்” என்பது செய்தி, அதுவும் முதலில் போலீசுக்குப் போக வேண்டும். யார் படத்தையும் போடக்கூடாது. யாரையும் பின்தொடரக்கூடாது, மடக்கக்கூடாது. சும்மா நிற்பவரிடம் “யாரைத் தேடுறீங்க?” என்று நல்லபடியாகக் கேட்கலாம். வழி தேடி வந்தவருக்கு அது உதவி. கெட்ட எண்ணத்தோடு வந்தவனுக்கு, தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்துபோகும். நீங்கள் குழு தொடங்குவதாக இருந்தால், விதிகளை முதலில் எழுதிவிட்டு அப்புறம் ஆளைச் சேருங்கள். நாங்கள் மாற்றிச் செய்தோம், அதன் வலியை ஓர் அப்பாவி அனுபவித்தான்.

தெருமுனையில் மாலையில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் விஷயத்திலும் கிட்டத்தட்ட அதே தவறைச் செய்யவிருந்தோம். அவர்களை விரட்டச் சொல்லிப் புகார் எழுதும் பேச்சு எழுந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், “அவங்க எல்லாரும் எங்கிட்ட படிச்ச பிள்ளைங்க, நான் பேசுறேன்” என்றார். விளையாட்டுத் திடலை ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள், அதனால்தான் அங்கே உட்காருகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். திடலை எட்டரை வரை திறந்து வைக்க நகராட்சியில் கேட்டு வாங்கினோம்.

பின்சந்துக்கு மூன்று மாதம் பிடித்தது. பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் புதர் சுவரையே மறைத்து வளர்ந்திருந்தது, உரிமையாளரைத் தேடிப் பிடித்து வெட்ட வைத்தோம். இரண்டு விளக்குக் கம்பங்கள் எரியவில்லை. கம்ப எண்ணைக் குறிப்பிட்டு ஐந்து பேர் தனித்தனியாகப் புகார் கொடுத்த பிறகுதான் ஆள் வந்தார். பகல் திருட்டுக்கு விளக்கு எதற்கு என்று நானே கேட்டேன். தெருவிளக்கை மேம்படுத்திய இடங்களைப் பற்றிய 2008ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்றில் குற்றம் சராசரியாக 21 சதவீதம் குறைந்ததாக இருக்கிறது, அதில் பகல் குற்றமும் அடக்கம். இந்த இடத்தைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்று அந்த விளக்கு சொல்லாமல் சொல்வதுதான் காரணம் என்கிறார்கள். எங்கள் சந்தில் அதை நான் கண்ணால் பார்த்தேன். வெளிச்சம் வந்த பிறகு குழந்தைகள் அங்கே சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்கள், பெரியவர் நடைப்பயிற்சிக்கு அந்த வழியையே எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட குடியிருப்புக் கண்காணிப்புகளால் குற்றம் 16 முதல் 26 சதவீதம் வரை குறைவதாக இன்னோர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. எதிர்பார்ப்பை அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். திருட்டே இல்லாத தெரு என்று ஒருவர் வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். ஆரம்பச் சூடு ஆறியதும் எங்கள் கூட்டத்துக்கும் ஆள் குறைந்தது. இன்று வரை தாக்குப்பிடித்திருப்பது, ஆறு ஆறு வீடாகப் பிரித்துக்கொண்ட ஏற்பாடுதான். வெளியூர் போனால் அந்த ஆறு வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகிறோம், வாசலில் வந்து கிடக்கும் பார்சலை எடுத்து வைக்கிறோம். ஆறு வீட்டில் யாருக்காவது திருடு போனால் அன்றே மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், அடுத்த இரண்டு மாதம் அந்தப் பின்கதவைப் பகலில் யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். காவலரோடு மாதம் ஒரு முறை அரை மணி நேரம் பேசுகிறோம், அவ்வளவுதான்.

போன மாதம், மூன்று வீடு தள்ளிப் புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டு வாசலில் போலீஸ் வண்டி நின்றதாகச் செவிலியர் செய்தி அனுப்பினார். வேலையிலிருந்து வந்ததும் தச்சரின் எண்ணையும் நீளமான திருகாணிப் பெட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் கதவைப் பாதிதான் திறந்தார். முகம் வீங்கியிருந்தது. “ஒண்ணுமில்லைங்க” என்றார். “எங்க வீட்லயும் போச்சும்மா, ரெண்டு தடவை” என்றேன். அவர் கதவை முழுவதுமாகத் திறந்தார்.